பெட்டியில் 'ஏழு நாள்', புண்ணுக்கு இரண்டே நாள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஃபோம் டிரெஸ்ஸிங் பெட்டியில் உள்ள தவறான வழிகாட்டலும், உதவி எண்ணில் கிடைத்த ஆலோசனையும் குறித்த புகார்

ஐயா / அம்மையீர்,

என் அம்மாவுக்கு இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, நான்கு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். கால் மரத்துப்போனதால் செருப்புக்குள் கல் கிடந்தால்கூட அவருக்குத் தெரியாது. டாக்டர் ஃபோம் டிரெஸ்ஸிங், அதாவது கசிவை உறிஞ்சும் பஞ்சு போன்ற கட்டு, போடச் சொன்னார். உங்கள் தயாரிப்பில் மூன்று பெட்டி வாங்கினேன்.

பெட்டியின் முகப்பில் 'ஏழு நாள் வரை மாற்றத் தேவையில்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை நம்பி, கட்டின் மூலையில் பேனாவால் தேதி எழுதி ஒட்டினேன். இரண்டாம் நாள் மாலையே நடுவில் மஞ்சள் கறை தெரிந்தது. மூன்றாம் நாள் ஓரம் வரை பரவிவிட்டது. சந்தேகப்பட்டு உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஈரம் இருந்தால்தான் புண் ஆறும், அடிக்கடி பிரிக்காதீர்கள், ஏழு நாள் விடுங்கள்" என்றார். சரி, கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா என்று விட்டேன்.

ஆறாம் நாள் நாற்றம் தாங்காமல் பிரித்தேன். நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி எப்படி வெளுத்துச் சுருங்கியிருக்கும், அப்படி இருந்தது புண்ணைச் சுற்றியிருந்த தோல். துணியால் தொட்டதும் ஒரு பக்கம் உரிந்து வந்தது. அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. வாரந்தோறும் ஸ்கேலால் அளந்து குறித்துவைப்பேன். 2.4 × 1.8 செ.மீ. இருந்த புண், அன்று 3.1 × 2.5.

உங்கள் துண்டுப்பிரசுரத்தில் 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் செய்த ஆய்வைப் போட்டிருக்கிறீர்கள். ஈரப்பதத்தில் மேல்தோல் சீக்கிரம் மூடும் என்பது உண்மைதான். ஆனால் அவர் பார்த்தது புதிதாக ஏற்படுத்திய ஆழமில்லாத காயங்களை. நாட்பட்ட புண்ணின் கசிவு வேறு சமாச்சாரம்; அதிலுள்ள நொதிகள் புதிதாக வளரும் திசுவையே அரித்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஈரம் வேண்டும், ஊறல் கூடாது. கறை ஓரத்தை நெருங்கினாலோ, நாற்றமோ சிவப்போ வீக்கமோ தெரிந்தாலோ ஏழு நாள் கணக்கை மறந்துவிட்டு உடனே பிரிக்க வேண்டும். இந்த விஷயம் உங்கள் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவு எழுத்தில் இருக்கிறது. முகப்பில் இல்லை.

அப்புறம் இன்னொன்று. புண் பெரிதாகிவிட்டது என்று மறுபடி அழைத்தபோது, "எங்களிடம் செயற்கைத் தோல் ஷீட் இருக்கிறது, அதைப் போட்டால் மூடிவிடும், வீட்டுக்கே அனுப்புகிறோம்" என்றார்கள். சீழ் இருக்கிறதா, காலில் ரத்த ஓட்டம் எப்படி, புண்மேல் பாதத்தின் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்கிறீர்களா என்று ஒரு கேள்விகூட இல்லை. டாக்டரிடம் கேட்டபோது சிரித்தார். செத்த திசுவை வெட்டி எடுத்து, தொற்றை அடக்கி, அழுத்தத்தைக் குறைத்து, நான்கு வாரம் முறையாகப் பார்த்தும் புண்ணின் பரப்பு பாதியாகவாவது குறையாவிட்டால்தான் அந்தப் பேச்சே என்றார். சீழ் பிடித்த புண்ணின்மேல் அதை ஒட்டினால் பொருளும் வீண், காலுக்கும் ஆபத்து.

இப்போது டாக்டர் சொன்னபடி இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்றுகிறோம். அம்மா ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்.

நான் கேட்பது மூன்று. பிரிக்காத இரண்டு பெட்டிகளின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 'ஏழு நாள்' என்ற வரிக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், எப்போது முன்னதாக மாற்ற வேண்டும் என்று அச்சிடுங்கள். உதவி எண்ணில் பேசுகிறவர்கள் சர்க்கரைப் புண் என்று கேட்டதும் முதலில் டாக்டரிடம் போகச் சொல்லட்டும், விற்பனை அப்புறம்.

ஆறாம் நாள் எடுத்த படங்களையும், மூலையில் தேதி தெரியும் அந்தக் கட்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்