ஞாயிறு நீர்கொழும்புச் சைக்கிள் பயணம்: களனி ஆற்றைக் கடக்கும் வழி
அன்பு உறவுகளே, வணக்கம்.

ஞாயிறு காலை 5.30க்கு கொழும்பு கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்துக்கு முன்னால் கூடுவோம். பேலியகொடைப் பக்கம் போக வேண்டாம். அங்கே 2021இல் திறந்த புதிய களனிப் பாலம் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏற்றிவிடும். அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கீழே உள்ள பழைய பாலத்திலோ லொறிகளும் பஸ்களும் உரசிக்கொண்டு போகும்.

முகத்துவாரம், மட்டக்குளி வழியாகப் போய், அங்குள்ள பாலத்தால் ஹெந்தளைக்கு இறங்குவோம். சுற்று கொஞ்சம் கூடத்தான், ஆனால் மனம் பதறாமல் மிதிக்கலாம். அப்புறம் ஹமில்டன் கால்வாயோரம் வடக்கே போகலாம். 1800களின் தொடக்கத்தில் வெட்டிய கால்வாய் அது. விடியலில் மீன்பிடி வள்ளங்கள் கட்டிக் கிடப்பதைப் பார்க்கவே போகலாம்.

பாலங்களில் ஒரு கவனம்: தளங்கள் சேருமிடத்து இரும்புப் பட்டை மழையில் சோப்புப் போல வழுக்கும். போன மாதம் அதைச் சரிவாகக் கடக்கப் போய் என் முன்சில்லு சறுக்கி, முழங்கை உரிந்தது. பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடவுங்கள். லொறியின் இடப்பக்கம் நுழையவே வேண்டாம், சாரதியின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

முன்னும் பின்னும் லைட் கட்டாயம். பிள்ளைகளோடு வருபவர்கள் இன்றிரவே சொல்லிவிடுங்கள், அவர்களை வரிசையின் நடுவில் விடுவோம்.