மூடையை எண்ணிப் பார், மச்சான்

களுவாஞ்சிக்குடி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்கு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மாரி பிறந்ததும் அவவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. முன்மாரி வேளாண்மை நன்றாக நிற்கிறது. வெள்ளம் வராவிட்டால் சரி.

அக்கரைப்பற்றில் கோழித்தீன் கலக்கிற தானியங்கி மெசின் போடப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். விற்றமின் பிரிமிக்ஸ், அதுதான் தீனில் கொஞ்சமாகச் சேர்க்கிற விற்றமின் தூள், சரியாக விழுகிறதா என்று அறியத் திரையைப் பார்த்தால் போதாதா என்று கேட்டாய். போதாது மச்சான்.

எங்கள் ஆலையில் ஒரு கலவை 500 கிலோ. அதற்குப் பிரிமிக்ஸ் 1.25 கிலோ. தூளைக் கொட்டிவைக்கிற தொட்டியான ஹொப்பருக்கு அடியில் சின்ன ஸ்குரூ சுழன்று தூளைத் தள்ளும். போன வருஷம் கார்த்திகையில், படுவான்கரையில் கோழி வளர்க்கிற அக்கா ஒருவர் ஒரு பை முட்டை கொண்டுவந்தா. கையில் எடுக்கவே ஓடு நொறுங்கியது. நாலைந்து வெறும் தோல்முட்டை. "தீனில என்னவோ குறையுது தம்பி" என்றா. கணினியைப் பார்த்தேன். ஒவ்வொரு கலவைக்கும் 1.25 என்றே பதிந்திருந்தது. சுண்ணாம்பும் சரியாகத்தான் போயிருந்தது. ஆனால் விற்றமின் டி3 குறைந்தால், சுண்ணாம்பு எவ்வளவு இருந்தும் கோழியின் உடம்பில் ஒழுங்காகச் சேராது.

மறுகா களஞ்சியத்துக்குப் போய் வெறும் மூடைகளை எண்ணினேன். 25 கிலோ மூடை 20 கலவையில் முடியவேண்டும். அது 27 கலவைக்குப் போயிருந்தது. கலவைக்கு 925 கிராம் அளவில்தான் விழுந்திருக்கிறது, கால்வாசி குறைவு!

திரையில் வந்தது நிறுத்துப் பார்த்த எடையல்ல, ஸ்குரூ சுற்றின சுற்றை வைத்துப் போட்ட கணக்கு. கோடையில் பொலபொலவென்று விழுகிற தூள், மாரி ஈரத்தில் இறுகி ஹொப்பருக்குள் கூரைபோல நின்றுவிட்டது. அடியில் ஸ்குரூ பாதி வெறுமையாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அக்காவுக்கு வேறு தீன் கொடுத்தோம். விற்கமுடியாமல் போன முட்டைக்கு என்ன கொடுப்பது? இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆகவே, ஹொப்பரையே எடையை உணர்கிற லோட்செல்லில் ஏற்றி, அதிலிருந்து குறைகிற எடையைப் பார்த்து ஸ்குரூவை ஓட்டுகிற வகையை வாங்கு. விலை கூடத்தான். பெரிய தராசில் இந்தச் சின்ன அளவை நிறுக்க விடாதே. 50 கிராம் படியாகக் காட்டுகிற தராசில் ஒரு படி பிசகினாலே 4 சதவீதம். ஹொப்பரையும் தீன் கலக்கிற மிக்சரையும் இணைக்கிற துணிக்குழாய் விறைத்திருந்தாலும், தூசி உறிஞ்சுகிற விசிறி இழுத்தாலும் எடை பிழைக்கும். விசிறி ஓடும்போது ஒருதரம், நிற்கும்போது ஒருதரம் படிக்கல் வைத்துப் பார்.

அதன் பிறகும் கைவேலையை விடாதே. நாங்கள் இப்போது காலையில் ஸ்குரூவின் வாயில் வாளியைப் பிடித்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு வேறொரு தராசில் நிறுக்கிறோம். பத்துத் தரம். மழை நாளென்றால் பின்னேரமும்.

விற்கிற ஆள் உனக்கு உப்புச் சோதனை செய்து காட்டக்கூடும். மிக்சரில் பத்து இடத்தில் மாதிரி எடுத்து, உப்பிலுள்ள குளோரைட்டை அளந்து, மாதிரிக்கு மாதிரி எவ்வளவு வித்தியாசம் என்று காட்டுகிற மாறுபாட்டுக் குணகம் 10 சதவீதத்துக்குள் என்பார். நல்ல சோதனைதான், ஆனால் அது மிக்சர் ஒழுங்காகக் கலக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. உப்பு வேறு வழியால் விழுகிறது. பிரிமிக்ஸ் விழுந்ததா என்று அது எப்படிச் சொல்லும்?

கடைசித் தவணைக் காசு கொடுக்க முன்னம், ஹொப்பரை வெறுமையாக்கி, புது மூடை ஒன்றை உடைத்துக் கொட்டி, முடியும்வரை உன் கண்முன்னாலே ஓட்டச் சொல். மாரி முடிய முன்னம் செய்தால் நல்லது. நாளைக் குறித்து எழுது, படிக்கற்களோடு நானும் வருகிறேன். திரும்பும்போது உங்கள் ஊர்த் தயிர்ச்சட்டி ஒன்று கொண்டுவரச் சொல்லி அம்மா இப்போதே சொல்லிவிட்டா.

உன் பழைய சிநேகிதன்