எங்கள் ஆய்வறிக்கையில் ‘பாதுகாப்பானது’ என்ற சொல் ஏன் இருக்காது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிரிப்டோ டோக்கன்களின் நிரலைத் தணிக்கை செய்து அறிக்கை தரும் எங்களிடம், டோக்கன் முகவரியை அனுப்பிவிட்டு, “இதை நம்பி வாங்கலாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்பவர்கள் அண்மைக் காலமாகப் பெருகியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் எழுதித் தருவதில்லை என்பதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு மழுப்புகிறீர்கள் என்று ஒருவர் நேரடியாகவே எழுதியிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் நீண்டு இந்த மடலாகியிருக்கிறது.

டோக்கன் என்பது, எந்த முகவரிக்கு எவ்வளவு இருப்பு என்று எழுதிவைக்கும் பேரேடும், அந்தப் பேரேட்டை யார் எப்போது திருத்தலாம் என்ற விதிகளும் சேர்ந்த ஒரு நிரல். பிளாக்செயினில் தானாக இயங்கும் இத்தகைய நிரலை ‘ஸ்மார்ட் ஒப்பந்தம்’ என்பார்கள். ஆகவே அதைப் படிக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது, பேரேட்டில் யார் கை வைக்க முடியும் என்பதைத்தான். புதிய டோக்கன்களை உருவாக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, பரிமாற்றங்களை நிறுத்திவைக்க முடியுமா, ஒருவரது முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்க்க முடியுமா, விற்பனைக் கட்டணத்தை இன்று 5 சதவீதம் என்று காட்டிவிட்டு நாளை 95 ஆக்க வழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

வாங்க விட்டு, விற்க விடாத டோக்கன்களை இந்தத் தொழிலில் ‘ஹனிபாட்’ என்பார்கள். நிரலில் அது ஓரிரு வரிகளுக்கு மேல் இருக்காது. பரவலாக்கப்பட்ட சந்தையில் விற்பது என்றால், டோக்கனை லிக்விடிட்டி பூலின் (வாங்கவும் விற்கவும் டோக்கன்கள் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் பொதுத் தொகுப்பின்) முகவரிக்கு அனுப்புவதுதான். எனவே ‘பெறும் முகவரி பூலாக இருந்தால், அனுப்புபவர் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் போதும், விலை வரைபடம் மேலேதான் போகும், ஏனென்றால் அந்தப் பட்டியலில் இல்லாத எவராலும் விற்க முடியாது. 2021 அக்டோபர் இறுதியில் ஸ்க்விட் கேம் தொடரின் பெயரைப் பயன்படுத்தி வந்த டோக்கன், ஒரு சென்ட் அளவில் தொடங்கி ஒரு வாரத்துக்குள் 2,861 டாலரைத் தொட்டு, நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனது. உருவாக்கியவர்கள் ஏறத்தாழ 33 லட்சம் டாலருடன் மறைந்தார்கள். வாங்கியவர்களில் பலரால் விற்க முடியவில்லை என்ற புகார் சரிவுக்கு முன்பே எழுந்திருந்தது.

எல்லாக் குறைகளும் திருட்டு எண்ணத்தில் பிறப்பதில்லை. 2018 ஏப்ரலில் பியூட்டிசெயின் டோக்கனில் நடந்ததை, புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நாங்கள் முதல் பாடமாகவே வைத்திருக்கிறோம். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் செயற்கூறு அதில் இருந்தது. அது பெறுவோர் எண்ணிக்கையையும் ஆளுக்கு அனுப்பும் தொகையையும் பெருக்கி, அந்த மொத்தம் அனுப்புபவரிடம் இருக்கிறதா என்று பார்க்கும். தாக்கியவர் இரண்டு முகவரிகளைக் கொடுத்து, தொகையாக 2-இன் 255ஆம் அடுக்கைக் கொடுத்தார். பெருக்கினால் 2-இன் 256ஆம் அடுக்கு. 256 பிட் இடத்தில் அது அடங்காமல் சுழன்று பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் இருப்பு எல்லோரிடமும் உண்டு என்பதால் சோதனை தேறியது, இரண்டு முகவரிகளிலும் கற்பனைக்கு எட்டாத தொகை வரவானது. பிழை ஒரே ஒரு பெருக்கலில் இருந்தது. ஸ்மார்ட் ஒப்பந்தங்களை எழுதப் பயன்படும் சாலிடிட்டி மொழியின் 0.8 பதிப்பு முதல் இத்தகைய கணக்கு தானாகவே தடுக்கப்படுகிறது. ஆனால் நிரலை இயக்கப் பிளாக்செயினில் செலுத்தும் ‘கேஸ்’ கட்டணத்தை மிச்சப்படுத்த அந்தத் தடுப்பை வேண்டுமென்றே அணைத்து எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. தொடக்க காலத்தில் ஒரு டோக்கனின் உரிமையாளர் தன் உரிமையைத் துறந்துவிட்டார் என்று கண்டு, அதிகாரக் குவிப்பு இல்லை என்று எழுதிவிட்டோம். புதிய டோக்கன் உருவாக்கும் பொறுப்பு தனியொரு முகவரிக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்ததை ஒரு வாரம் கழித்தே கவனித்தோம். அறிக்கையைத் திருத்தி அனுப்பினோம். அன்றிலிருந்து ‘துறந்தாயிற்று’ என்ற சொல்லை எவர் சொன்னாலும் நாங்கள் நம்புவதில்லை.

அடுத்தது, எங்களுக்குச் சற்றே கசப்பான விஷயம். பிராக்ஸி முறையில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் முகவரி அப்படியே இருக்கும், உள்ளே இயங்கும் நிரலை மட்டும் நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் பார்த்துக் கொடுத்த ஒரு நிரல் மாற்றப்பட்ட பிறகும், பழைய அறிக்கையின் முதல் பக்கம் விளம்பரத்தில் இடம்பெற்றது. அது சின்ன விஷயமன்று. 2022 ஆகஸ்டில், ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்கு டோக்கன்களைக் கொண்டுசெல்லும் நோமாட் ‘பாலத்திலிருந்து’ சுமார் 19 கோடி டாலர் வெளியேறியதற்கு, சில வாரங்களுக்கு முன் நடந்த மேம்படுத்தலே காரணம்: நம்பத்தக்க மதிப்பு பதிவாக வேண்டிய இடத்தில் பூஜ்யம் பதிவாகிவிட்டது, சரிபார்க்கப்படாத செய்திகளின் இயல்பு மதிப்பும் பூஜ்யமே என்பதால் எல்லாமே செல்லுபடியாயின. முதலில் எடுத்தவரின் பரிவர்த்தனையை நகலெடுத்து, முகவரியை மட்டும் தன்னுடையதாக மாற்றி, நிரல் அறியாதவர்கள்கூட அள்ளிக்கொண்டார்கள்.

நிரலுக்கு வெளியே இருப்பது எங்கள் கண்ணுக்குத் தெரியாது. 2022 மார்ச்சில் ரோனின் பாலத்தில் 1,73,600 ஈதர் (எத்தீரியம் பிளாக்செயினின் நாணயம்) போனது, பணம் எடுக்க ஒப்புதல் தரும் ஒன்பது ரகசியச் சாவிகளில் ஐந்து களவாடப்பட்டதால். பலமுறை தணிக்கைக்கு உள்ளான யூலர் ஃபைனான்ஸ் என்ற கிரிப்டோ கடன் தளம்கூட 2023 மார்ச்சில் ஏறத்தாழ 19.7 கோடி டாலரை இழந்தது. அதில் பெரும்பகுதி பின்னர் திரும்பக் கிடைத்தது என்பது அதன் நல்லூழ்.

எனவே அடுத்த மாதம் முதல் எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில், ஆய்வு செய்த நிரலின் ஹாஷ் (நிரல் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்), ஒப்பந்த முகவரி, எந்தப் பிளாக்செயின், எந்த நாள் ஆகியவையும், நிர்வாகி வைத்திருக்கும் அதிகாரங்களும் பெரிய எழுத்தில் இருக்கும். பிராக்ஸி ஒப்பந்தமாக இருந்தால், நிரல் மாறிய நாளிலேயே அறிக்கை காலாவதியானதாகக் குறிக்கப்படும். மறு ஆய்வுக்கு, மாறிய பகுதிக்கு மட்டும் கட்டணம் பெறுவோம். ஆய்வு கோரும்போது டோக்கனின் பெயரையோ சின்னத்தையோ அனுப்பாமல் முகவரியை அனுப்புங்கள், ஒரே பெயரில் பத்து டோக்கன்கள் உலவுகின்றன. வாலட்டின் மீட்புச் சொற்களை எங்களுக்கு அனுப்பவே வேண்டாம்; எங்கள் பெயரில் எவரேனும் கேட்டால் அது நாங்கள் அல்லர்.

இப்படிக்கு,
தணிக்கைப் பிரிவினர்