ஒட்டுறவுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புள்ளியியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று பார்க்கும் ஒட்டுறவு, ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் தொடர்புப் போக்கு என்ற பாடங்களை ஆண்டுதோறும் நடத்துகிறீர்கள். இரண்டுக்கும் வித்திட்ட ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனைப் பற்றி அந்த வகுப்பிலேயே முழுமையாகப் பேசுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தொடர்புப் போக்கு என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ரிக்ரெஷன் என்று பெயர். பின்வாங்குதல் என்று பொருள். எது பின்வாங்கியது? 1886இல் கால்டன் வெளியிட்ட உயர அட்டவணையில் 205 பெற்றோர் இணைகளும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரும் இருக்கிறார்கள். ஆண்களோடு ஒப்பிட வசதியாகப் பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கிக்கொண்டார். பெற்றோரின் உயரம் பொதுச் சராசரியைவிட 3 அங்குலம் கூடுதல் என்றால் பிள்ளைகள் ஏறக்குறைய 2 அங்குலம்தான் கூடுதல். குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அதேபோலச் சராசரியை நோக்கி வந்திருந்தார்கள். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் தொடர்புப் போக்குக் கெழு, அதாவது ஒன்று ஓர் அலகு மாறினால் மற்றது சராசரியாக எவ்வளவு மாறும் என்று காட்டும் எண், என்பது என்னவென்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அப்புறம் திருப்பிக் கேளுங்கள்: மிக உயரமான பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பெற்றோரைப் பார்த்தால்? அங்கேயும் சராசரியை நோக்கித்தான் நகரும். ஆக, இது ரத்தம் செய்கிற வேலை மட்டும் அல்ல.

இதே மனிதர்தான் 1883இல் யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார். நல்ல பரம்பரையைப் பெருக்க வேண்டும், மற்றதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம். அதற்கு முன்பே, 1869இல், நீதிபதிகள், அரசியல் தலைவர்கள், அறிவியலாளர்கள் இவர்களுடைய உறவினர்களை எண்ணிப் பார்த்து, மேதைமை பரம்பரையாக வருகிறது என்று ஒரு நூல் எழுதியிருந்தார். அந்த வீடுகளில் இருந்த பணமும் படிப்பும் சிபாரிசும் கணக்கில் சரியாக ஏறவே இல்லை. அவரே வங்கியாளரின் மகன். 1844இல் தந்தை இறந்த பிறகு கைக்கு வந்த சொத்தில், சம்பளத்துக்கு வேலை செய்யாமலே ஆராய்ச்சி செய்ய முடிந்தது. ஒட்டுறவு இருப்பதாலேயே காரணம் ஆகிவிடாது என்று சொல்லித்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1911இல் அவர் இறந்துவிட்டார். பின்னால் வந்த சட்டங்களை அவர் எழுதவில்லை, உண்மைதான். ஆனால் 1933இல் ஜெர்மனியில் வந்த சட்டம் சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தபோது, அதற்கு அறிவியல் என்ற போர்வை இந்தச் சிந்தனையிலிருந்துதான் கிடைத்தது.

அவர் தன் பணத்தை விட்டுச்சென்ற லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி, 2020இல் விரிவுரை அரங்கு ஒன்றிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நம் வகுப்பில் கழற்றுவதற்குப் பெயர்ப்பலகை ஏதும் இல்லை. அவருடைய கணக்கு மட்டும்தான் இருக்கிறது. அதை விட முடியாது, விடவும் வேண்டாம்.

என்னிடம் மாலையில் படிக்க வருகிற பிள்ளை ஒருத்தி, "எங்க வம்சத்துக்கே கணக்கு வராது சார்" என்றாள். அந்த வீட்டில் பதினொன்றாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு அந்த 928 பேரின் அட்டவணையைத்தான் அவள் முன்னால் விரித்து வைத்தேன். யாரிடமிருந்து யாருக்கு எது வந்தது, எது எண்ணப்படவே இல்லை என்று ஒரு மணி நேரம் பேசினோம்.

தேர்வில் இது வராதுதான். இருந்தாலும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். அட்டவணையைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியர்