எண்ணிக்கை மாறியும் அன்பவுண்ட்லோக்கல் எரரும்: விளக்கிய எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியில் நான் மாட்டிக்கொண்டு உங்களிடம் கேட்ட இடம் இதுதான். ஃபங்ஷனுக்கு வெளியே 'எண்ணிக்கை = 0' என்று இருக்கிறது, உள்ளே அதை பிரிண்ட் செய்தால் ஒழுங்காக 0 வருகிறது, ஆனால் அந்த பிரிண்டுக்குக் கீழே 'எண்ணிக்கை += 1' என்று ஒரு வரி சேர்த்ததுமே, அதுவரை நன்றாக ஓடிய மேல்வரி அன்பவுண்ட்லோக்கல் எரர் (ஃபங்ஷனுக்குள் மட்டும் உள்ள ஒரு பெயரை, மதிப்பு கொடுக்கும் முன்பே படித்தால் வரும் பிழை) அடிக்கிறது. கீழே எழுதியது மேலே இருப்பதை எப்படிக் கெடுக்கும்?

'குளோபல் போடு (வெளியே இருக்கும் மாறியைத்தான் சொல்கிறேன் என்று பைத்தானுக்குச் சொல்லும் வரி), சரியாகிவிடும்' என்று சொல்லிவிட்டு நீங்கள் எல்லோரும் போயிருக்கலாம். போகவில்லை, அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் பதில் சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்னாலேயே, கம்பைல் ஆகும்போதே, பைத்தான் அதை முழுசாகப் பார்த்து, உள்ளே எங்கேயாவது ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்திருந்தால் அந்தப் பெயர் ஃபங்ஷன் முழுக்க லோக்கல்தான், அதாவது அதற்குள் மட்டும் உள்ளதுதான் என்று முடிவு செய்துவிடுகிறது, எந்த வரி முன்னே எது பின்னே என்பது கணக்கிலேயே இல்லை என்றீர்கள். ஒருபோதும் ஓடாத ஒரு இஃப்புக்குள் அந்த வரி இருந்தாலும் இதே கதைதான் என்றபோது எனக்குத் தெளிவாகிவிட்டது.

டிஸ் மாட்யூல் வைத்து பைட்கோடையே (பைத்தான் உள்ளே ஓட்டும் கட்டளைகளையே) எடுத்துக் காட்டிய தோழிக்குத் தனி நன்றி. அதே பிரிண்ட் வரியில் முதலில் லோட்_குளோபல் (வெளியே இருப்பதை எடு) இருந்தது, கீழே += வந்ததும் அந்த இடத்தில் லோட்_ஃபாஸ்ட் (லோக்கலை எடு) என்று தொடங்கும் கட்டளை வந்து உட்கார்ந்துகொண்டது. இனி யாருக்கு இதை விளக்கினாலும் முதலில் இதைத்தான் காட்டுவேன், இதைவிட நேரான விளக்கம் இல்லை.

வெளியே இருக்கும் லிஸ்டில் அப்பெண்ட் செய்தால் (கடைசியில் ஒன்றைச் சேர்த்தால்) மட்டும் ஏன் எரர் வரவில்லை என்று கேட்டதற்கு, அங்கே பெயருக்குப் புது மதிப்பு கொடுக்கவில்லை, இருக்கும் பொருளைத்தான் மாற்றுகிறோம் என்று பொறுமையாகச் சொன்னவருக்கும், ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் இருந்து, வெளி ஃபங்ஷனின் மாறியை உள்ளிருந்து மாற்ற வேண்டும் என்றால் குளோபல் உதவாது, 2008ல் பைத்தான் 3.0 கொண்டுவந்த நான்லோக்கல்தான் வேண்டும் என்று சொன்னவருக்கும் நன்றி.

அப்புறம் அந்த கிளாஸ் விஷயம். கிளாஸுக்குள் நேரடியாக 'எண்ணிக்கை = எண்ணிக்கை' என்று எழுதினால் எரரே இல்லாமல் வெளியே இருக்கும் மதிப்பை எடுத்துக்கொள்கிறது, ஃபங்ஷன் விதி அங்கே செல்லாது. இதை நான் கேட்கக்கூட இல்லை, நீங்களாகவே எழுதினீர்கள். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் விளக்கங்களை அப்படியே கொடுத்திருக்கிறேன், அவர்கள் சார்பிலும் நன்றி.