பாரிஸ் ஊர் வரலாற்றுப் பலகைகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பாரிஸ் ஊரைப் பற்றி நம் நூலக அறையில் தமிழில் வரைபடமும் பலகைகளும் வைப்பதென்று பொதுக்குழுவில் எடுத்த தீர்மானம் நிறைவேறிவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். நகல் நூலக மேசையில் இருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

வாசல் சுவரில் உள்ள வரைபடத்தில் ஆறுகளைத்தான் பெரிதாகக் காட்டியிருக்கிறோம். நித் ஆறு கிராண்ட் ஆற்றில் கலக்கும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. அங்கிருந்து கிராண்ட் ஆறு தெற்கே போய் ஈரி ஏரியில் சேர்கிறது. இங்கே வெட்டியெடுத்த ஜிப்சம்தான் ('பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' செய்யும் கனிமம்) ஊருக்குப் பெயரும் தந்தது, முதல் பிழைப்பும் தந்தது.

வரலாற்றை எங்கே தொடங்குவது என்பதில் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஹைரம் கேப்ரன் நிலம் வாங்கி ஊரை அமைத்த 1829 போதும் என்றார்கள் சிலர். கடைசியில் 1784-ஐத்தான் முதல் பலகையில் வைத்தோம். அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்டின் பிரகடனம், கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலத்தை 'ஆறு தேசங்கள்' எனப்படும் பூர்வகுடிக் கூட்டமைப்பின் மக்களுக்கு ஒதுக்கியது. பாரிஸ் எழுந்தது அந்த நிலத்தில்தான். அதில் பெரும்பகுதி இன்று அவர்கள் கையில் இல்லை. இதைச் சொல்லாமல் ஊர் வரலாறு எழுதுவது நியாயமில்லை என்பது குழுவின் முடிவு.

மூன்றாம் பலகையை மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். அது ஊரின் கூழாங்கல் வீடுகளைப் பற்றியது. நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த கொத்தனார் லெவி பௌட்டன் 1830-களின் கடைசியில் கொண்டுவந்த கட்டுமுறை இது. உள்ளே கரடுமுரடான கற்சுவர். அதன் வெளிமுகத்தில் கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை அளவு பார்த்துப் பொறுக்கி வரிசை வரிசையாகப் பதித்து, இடையில் சுண்ணாம்புச் சாந்தை வரம்பு போல எடுத்துக் கட்டுவார்கள். பக்கவாட்டில் வெயில் விழும்போது ஒவ்வொரு கல்லும் தனியாகத் தெரியும். ஊருக்கு வடக்கே 1845-ல் எழுந்த பாரிஸ் பிளெய்ன்ஸ் தேவாலயத்துக்கு அக்கம்பக்கத்துக் குடியானவர்களே வயல்களில் கல் பொறுக்கி, கூலி வாங்காமல் உழைத்தார்கள். நம் குழுவினர் எல்லோருக்கும் மனதுக்கு நெருக்கமான செய்தி இது.

மற்ற பலகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1876 ஆகஸ்ட் 10 அன்று, பக்கத்து ஊரான பிராண்ட்ஃபோர்டிலிருந்து தந்திக்கம்பி வழியே வந்த குரலை, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இங்கே ஒரு செருப்புக் கடையில் உட்கார்ந்து கேட்டார். தூரம் சுமார் 13 கிலோமீட்டர். அப்புறம் பென்மன்ஸ் பின்னலாடை ஆலை: ஊரில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது பெண்கள் அங்கே வாங்கிய சம்பளத்தில்தான்.

எழுத்து வரைந்தவர்களுக்கும் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் குழுவின் நன்றி. ஒரு வேலை பாக்கி இருக்கிறது: வரைபடத்துக்கு மேல் விளக்கு போட வேண்டும். கையிருப்பில் உள்ள தொகை அதற்குப் போதும். அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் கேட்போம்.

திருப்பணிக் குழு