சொல்யூஷன் டியூபுக்குச் சட்டம் எங்கே?

ஆசிரியருக்கு,

மார்த்தாண்டம் பக்கம் சைக்கிள் கடை நடத்துகிறேன். பேட்ச் வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம், பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷன் மட்டும் போதும் என்று வரும் பையன்களுக்கு நான் கொடுப்பதில்லை; போதைக்கு முகரத்தான் கேட்கிறார்கள். கையில் சுருட்டிய பிளாஸ்டிக் கவர் இருக்கும், சைக்கிள்தான் இருக்காது. நான் விரட்டினால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறான். அந்தக் கடைக்காரரைக் கேட்டால், "விற்கக் கூடாதுன்னு சட்டம் உண்டா அண்ணாச்சி?" என்கிறார்.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இ-சிகரெட்டுக்கு 2019-லேயே மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சிறுவருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. ஆனால் இந்தப் பசையிலும் பெயின்ட் தின்னரிலும் உள்ள டொலுவீன் என்ற கரைப்பான், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் இதை முகர்ந்தவருக்கு முதல் தடவையே இதயம் நின்றுபோகலாம்.

முழுத் தடை கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரர்கள் பிழைப்பு கெட்டுவிடும். பிரிட்டனில் 1999 முதல், இதேபோல் போதைக்கு முகரப்படும் லைட்டர் கேஸை 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது. அதேபோல சொல்யூஷனுக்கும் தின்னருக்கும் இங்கே வயது வரம்பு கொண்டுவர வேண்டும். அதுவரை மாவட்ட நிர்வாகம் வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசலாமே.

— சைக்கிள் கடைக்காரர், குமரி மாவட்டம்